கொள்ளி அடுப்புக்குக் காற்று வழி மாற்றிய கதை

எங்கள் வீட்டுக் கொள்ளி அடுப்பு இப்போது புகைவதே இல்லை என்று சொன்னால் அது பொய். பற்றவைக்கிற முதல் ஐந்து நிமிடம் புகைகிறது. மாரியில் நனைந்த கொள்ளியை வைத்தால் அதற்கு மேலும் புகைகிறது. ஆனால் தீ நன்றாகப் பிடித்துவிட்டால் சட்டிக்குக் கீழே தீ மட்டும்தான். பக்கத்தில் நின்று வெங்காயம் வதக்கலாம், கண் எரியாது. மூடி போட்ட சட்டியில் 5 லீற்றர் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கப் பழைய அடுப்பில் 25 நிமிடமும் ஏறத்தாழ ஒரு கிலோ கொள்ளியும் போகும். இப்போது 19 நிமிடம், 600 கிராம். மீன் நிறுக்கிற தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்த கணக்கு இது. இடையில் ஒரு விசிறி உருகியது, ஒரு பால்மாப் பேணி பொத்தலாகிப் போனது, ஒரு மண்கூடு வெடித்தது. அடுப்பைத் திருத்த நினைக்கிறவர்களுக்கு அளவுகள் உதவும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வீடு மட்டக்களப்பு மாவட்டத்தில், களுதாவளையில். எங்கள் ஊர் வழக்கப்படி மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. அதனால் குசினி மாமியின் ஆட்சியில். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் கிடந்த காலத்தில் பழைய கொள்ளி அடுப்புக்கு மறுபடி உயிர் வந்தது. காஸ் திரும்பி வந்த பிறகும் சோறும் மீன்குழம்பும் கொள்ளியில்தான். தேங்காய் மட்டையும் பாளையும் சிரட்டையும் வளவுக்குள்ளேயே கிடக்கும்போது காசைக் கொடுத்து எரிப்பதில் மாமிக்கு உடன்பாடில்லை.

பழைய அடுப்பு இப்படி இருந்தது: செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டிய இரண்டரை அடி உயர மேடை. அதன்மேல் மூன்று பக்கம் கல் அடுக்கி மண் பூசி, முன்பக்கம் திறந்த வாய். வாய் 10 அங்குல அகலம், 8 அங்குல உயரம். கொள்ளி நேரே மேடைத் தரையிலேயே கிடந்து எரியும். சட்டி மூன்று குமிழில் உட்காரும், சட்டிக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவில் ஒன்றரை அங்குல இடைவெளி. மேலே கூரை வழியாக வெளியே போகிற செங்கல் புகைக்கூடு உண்டு. ஆனால் அது அடுப்போடு ஒட்டியதல்ல, மேலே கவிழ்ந்து நிற்கிறது. வருகிற புகையை வாங்கிக்கொள்ளுமே தவிர, தீயைத் தன் பக்கம் இழுக்காது.

முதலில் எதையும் உடைக்காமல் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எரிகிற அடுப்பின் வாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்யவேண்டும் என்பேன், ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. ஊதுபத்தியைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் புகை உள்ளே ஓடுகிறது. மெதுவாக உயர்த்திக்கொண்டே போனால் பாதி உயரத்துக்கு மேல் அது நின்று தடுமாறுகிறது. வாயின் மேல் விளிம்புக்கு வந்ததும் என் முகத்துக்கே திரும்பி அடிக்கிறது. அதாவது ஒரே வாயில் கீழ்ப் பாதியால் காற்று உள்ளே போகிறது, மேல் பாதியால் சூடும் புகையும் வெளியே வருகிறது. பத்து அங்குல அகலத்தில் கொள்ளி இல்லாத இரண்டு ஓரத்தாலும் குளிர்ந்த காற்று உள்ளே புகுந்து, தீயைத் தொடாமல் சட்டியடியைத் தடவிக்கொண்டு போகிறது. அடுப்புக்குக் காற்று போதாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காற்று தாராளமாகவே போய்க்கொண்டிருந்தது, போகிற இடம்தான் சரியில்லை. ஆனாலும் அன்றைக்கு அது முழுதாக விளங்கவில்லை. காற்றைக் கூட்டுகிற வேலையில்தான் இறங்கினேன்.

தட்டு வைப்பது முதல் வேலை. கொள்ளி தரையில் கிடந்தால் அடியில் காற்றுப் புகாது, தணல் சாம்பலுக்குள் புதைந்து கரியாகவே மிஞ்சும். தரையிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில் இரும்புக் கம்பித் தட்டு வைத்து, அதற்குக் கீழே சாம்பல் வாய் விட்டேன். கையில் இருந்த 6 மில்லிமீற்றர் கம்பியை வளைத்துக் கட்டிய தட்டு ஒரு கிழமை கூட நிற்கவில்லை, சிவக்கச் சூடாகி நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டுவிட்டது. பிறகு களுவாஞ்சிகுடியில் பழைய இரும்புக்கடையில் 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பி ஆறடி வாங்கி, 8 அங்குலத் துண்டுகளாக வெட்டி அடுக்கினேன். இதில் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் 10 மில்லிமீற்றருக்கு மேல் விட்டால் தணல் முழுதும் கீழே கொட்டிவிடும், 8 சரியாக இருக்கிறது. மற்றது, கம்பிகளைச் சுவரில் பூசிப் புதைக்கக் கூடாது. இரும்பு சூட்டில் நீளும், மண்ணைத் தள்ளி வெடிக்க வைக்கும். இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு விட்டு, அதன்மேல் சும்மா கிடத்தி வைத்தால் போதும். வளைந்தால் திருப்பிப் போடலாம், தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

தட்டு வந்ததும் தீ எழும்புகிற வேகம் கூடியது. ஊதாங்குழலுக்கு வேலை குறைந்தது. புகை குறையவில்லை. கொள்ளி வேகமாகத் தின்று தீர்ந்தது, அவ்வளவுதான். மாமி என்னோடு நேரே பேசுவது குறைவு. மகளிடம் சொல்லுவா, அது எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவா.

“கொள்ளி கொத்திக் குடுக்க ஒரு ஆளையும் சம்பளத்துக்கு வைக்கச் சொல்லு புள்ள.”

அடுத்தது விசிறி. கணினி திருத்துகிற கடையில் பழைய 12 சென்ரிமீற்றர் விசிறி ஒன்று 400 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டில் சும்மா கிடந்த ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரை அதற்குப் பூட்டினேன். தகரத்தில் ஒரு அடி நீளக் குழாய் சுருட்டி, ஒரு பக்கம் விசிறி, மறுபக்கம் சாம்பல் வாய். போட்ட கையோடு தீ உறுமியது. 5 லீற்றர் 14 நிமிடத்தில் கொதித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கொள்ளியை நிறுத்துப் பார்த்தால் 1,100 கிராம், பழைய அடுப்பை விடவும் அதிகம். தீயின் பாதி சட்டியின் இரண்டு பக்கத்தாலும் வெளியே பாய்ந்து புகைக்கூட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, சாம்பல் பறந்து மூடி திறந்த சொதிச் சட்டிக்குள் விழுந்தது. வெள்ளைச் சொதியில் சாம்பல் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே தெரியும்.

அந்த விசிறி செத்ததும் ஒரு பாடம்தான். இரவுச் சமையலின் நடுவில் மின்வெட்டு. விசிறி நின்றதும், தட்டு நிறையக் கிடந்த தணலின் சூடு தகரக் குழாய் வழியே பின்னால் திரும்பி வந்தது. டோர்ச் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கையில் பிளாஸ்டிக் இதழ்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கின. விசிறி பூட்டுகிறவர்கள் குழாயை இரண்டடிக்குக் குறையாமல் விட வேண்டும். குழாயின் நடுவில் ஒரு மெல்லிய தகரத் துண்டைக் கம்பியில் தொங்கவிட வேண்டும். காற்று வந்தால் அது திறக்கும், நின்றால் தன் பாரத்தில் விழுந்து மூடும். அடுத்த விசிறியைக் கடைக்காரரே பழைய பெட்டியைக் கிண்டிச் சும்மா தந்தார். அதைப் போனின் 5 வோல்ட் சார்ஜரில் ஓடவிட்டேன். 12 வோல்ட் விசிறி 5 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும், அடுப்புக்கு அதுவே தாராளம். சில விசிறி 5 வோல்ட்டில் சுற்றத் தொடங்காது, கடையிலேயே பூட்டிப் பார்த்து வாங்குங்கள். பவர் பேங்கில் போட்டால் இன்னொரு தொல்லை. விசிறி இழுக்கிற மின்சாரம் கொஞ்சம் என்பதால், ஒன்றும் பூட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும்.

மெதுவாக ஓடவிட்ட பிறகும் புகை இருந்தது. அடியில் காற்று, மேலே கரும்புகை. அப்போதுதான் ஊதுபத்திப் பாடம் திரும்ப நினைவுக்கு வந்தது. கொள்ளி சூடாகும்போது அதிலிருந்து எரியக்கூடிய ஆவி வருகிறது. அது மேலே எழும்பிப் போகிற இடத்தில் சூடான காற்றுக் கிடைத்தால் தீயாகிறது, கிடைக்காவிட்டால் புகையாகிச் சட்டியில் கரியாக ஒட்டுகிறது. தட்டுக்கு அடியில் நான் அனுப்பிய காற்றைத் தணலே தின்றுவிடுகிறது. மேலே ஆவிக்குக் கிடைப்பது முன்வாயால் வருகிற குளிர்ந்த காற்று மட்டும்தான், அது எரிய விடாமல் குளிர வைக்கிறது. ஆகவே சட்டிக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிவர, சூடேறிய காற்று வர வேண்டும்.

அதைப் பார்க்கப் பெரிய பால்மாப் பேணி ஒன்றை எடுத்து அடியை வெட்டினேன். மேல் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே ஆணியால் சுற்றிவரத் துளை போட்டு, பக்கத்தில் வாய் வெட்டி, அடுப்புக்குள் தட்டின் மேல் நிறுத்தினேன். பேணிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியின் மேல்பக்கத்தைப் புற்றுமண்ணால் அடைத்தேன். பின்சுவரில் அடியோடு ஒரு செங்கல்லை உருவி எடுத்தேன். காற்று அந்த வழியாகப் புகுந்து, பேணியின் வெளிப்பக்கத்தைத் தடவி மேலே ஏறிச் சூடாகி, துளைகளால் உள்ளே வர வேண்டும் என்பது யோசனை. மேல்பக்கத்தை அடைக்க முதல் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. காற்று எளிய வழியாக மேலே தப்பி ஓடியது. அடைத்த பிறகு, பற்றவைத்து ஆறேழு நிமிடத்தில், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குட்டித் தீநாக்கு நடுவைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது, காஸ் அடுப்பின் வளையம் போல. விசிறி ஓடவில்லை. புகைக்கூட்டைப் பார்த்தேன், அங்கே ஒன்றும் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமியும் எட்டிப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு மீன்குழம்பை அதில்தான் வைத்தா.

பேணித் தகரம் அந்தச் சூட்டுக்கு ஆகாது. மாதம் முடியும் முன்னே துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய பொத்தலாகி, தொட்டால் செதில் செதிலாகக் கொட்டியது. தடித்த இரும்புக் குழாய் தேடிப் போனால் கடையில் முதலில் காட்டியது கல்வனைஸ் குழாய். அதை அடுப்புக்குள் வைக்கவே கூடாது. மேலே பூசியிருக்கிற துத்தநாகம் தணல் சூட்டில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், வெல்டிங் வேலை செய்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். பூச்சில்லாத ஏழு அங்குலக் குழாய்த் துண்டு எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பேணிக்குப் பதிலாக அதே மாதிரி ஒரு கூட்டைச் சுட்ட மண்ணில் செய்கிற யோசனையே வந்திருக்காது.

குருக்கள்மடத்தில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவை) ஏறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை, அங்கிருந்து படுவான்கரை என்கிற மேற்குக் கரை. தயிர்ச் சட்டி வனைகிற ஐயா ஒருவரை அந்தப் பக்கத்தில் விசாரித்துப் பிடித்தேன். கடதாசியில் கீறிய படத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. “உள்ளுக்கு எவ்வளவு அகலம் வேணும், அத மட்டும் சொல்லுங்க தம்பி” என்றார். ஏழு அங்குலம் என்றேன். கையால் ஒரு அளவு காட்டி, “இவ்வளவு வச்சாத்தான் காஞ்சு சுட்ட மறுகா நீங்க கேக்கிற அளவுக்கு வரும்” என்றார். அளந்து பார்த்தேன், ஏழே முக்கால். உயரத்துக்கும் அதே கணக்கு. பத்து அங்குலம் கேட்டால் பதினொன்றுக்கு வனைந்தார். தயிர்ச் சட்டிக்கு எடுக்கிற மண்ணை அப்படியே எடுக்காமல் நாலில் ஒரு பங்கு சலித்த உமியைக் கலந்து மிதித்தார். சூளையில் உமி எரிந்து போய், கூட்டில் நுண்ணிய பொத்தல்கள் மிஞ்சும். சூடு வெளியே போவது குறையும், திடீரென்று சூடேறினாலும் எளிதில் வெடிக்காது. சுவர்த் தடிப்பு 2 சென்ரிமீற்றர்.

துளை போடுகிற வேலையைப் பார்க்கவென்றே அங்கே இருந்தேன். வனைந்த உடனே போட்டால் ஈர மண் கம்பியோடு இழுபட்டு வரும், நன்றாகக் காய்ந்தால் வெடிக்கும். அரைக்காய்ச்சலில், விரல் பதிந்தும் பதியாத பக்குவத்தில், நைந்த குடைக்கம்பி ஒன்றால் குத்தி, அதே இடத்தில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகித் திருகித் துளையை அகலப்படுத்தினார். உள்பக்கம் பிதுங்கிய மண்ணை நனைத்த துணியால் ஒற்றி எடுத்தார். சுட்டபிறகு துளை 8 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சுற்றிவர 24 துளை, எல்லாம் கண்ணளவில். பிறகு வீட்டில் அளந்தபோது ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீற்றர் கூட வித்தியாசமில்லை. நான் ட்ரில்லில் போட்டிருந்தாலும் இப்படி வந்திருக்காது.

கொள்ளி வைக்கிற வாயை மட்டும் நான் சதுரமாகக் கேட்டேன், ஐந்துக்கு ஐந்து அங்குலம். ஐயா வளைவாக வெட்டட்டுமா என்று கேட்டார். பரவாயில்லை, சதுரமே இருக்கட்டும் என்றேன். சூளையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பில் வைத்து எரித்த சில நாளில் சதுரத்தின் மேல் மூலையிலிருந்து ஒரு வெடிப்புக் கிளம்பி, நேரே மேலே துளை வரைக்கும் ஓடி, கூடு இரண்டாகப் பிரிந்தது. அடுத்த கூடு வளைந்த வாய். அது இன்றைக்கும் நிற்கிறது. ஒரு கூட்டுக்கு ஐயா 800 ரூபாய் எடுத்தார். மோட்டார் சைக்கிளில் வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிக் கொண்டு வந்தேன். பாதையில் ஏற்றும்போது “இதென்ன தம்பி, அடியில்லாப் பானை?” என்று கேட்காத ஆள் இல்லை.

கூட்டை உட்கார வைக்கப் பழைய அடுப்பின் மேல்பாகத்தை உடைத்து, 20 செங்கல் வைத்துத் திரும்பக் கட்டினேன். செங்கல்லுக்கு நடுவில் சீமெந்து போடவில்லை. சூடுபடுகிற இடத்தில் சீமெந்துச் சாந்து வெடித்துப் பொடியாகும், பழைய அடுப்பிலேயே அதைப் பார்த்திருக்கிறோம். புற்றுமண் இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, கொஞ்சம் மாட்டுச்சாணம். எங்கள் பக்கம் முழுக்க மணல் தரை, புற்றுமண் கூட வாவிக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. கூட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் முக்கால் அங்குலம் வெறும் இடம். பின்சுவரின் அடியில் ஒன்றரை அங்குலக் காற்றுத் துளை இரண்டு, மேல்பக்கம் சுற்றிவர மண் அடைப்பு.

வாயைச் சுருக்கியதுதான் புகையை முன்பக்கம் வராமல் செய்தது. பத்துக்கு எட்டு இருந்தது ஐந்துக்கு ஐந்தானதும் ஊதுபத்தியை எங்கே பிடித்தாலும் உள்ளேதான் ஓடுகிறது. வாயின் நடுவில் ஒன்றரை அங்குலப் பட்டை இரும்பில் ஒரு சின்னப் பரண், அதன்மேல் கொள்ளி கிடக்கும், கீழே காற்றுப் போகும். சாம்பல் வாய்க்கு ஒரு தள்ளுக் கதவு, முழுக்கத் திறக்க, பாதி, கால் என்று மூன்று இடத்தில் நிற்கும். சோறு வடித்தபின் தணலில் தம் போட இந்தக் கால் திறப்பு நல்ல வசதி. முழுக்க மூடித் தணலைப் புகையவிடுவது மட்டும் வேண்டாம். யன்னல் சாத்திய குசினியில் அது கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுவை நிரப்பும்.

சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதில் கொஞ்சம் மினைக்கெட்டேன். உடைந்த ஓட்டுத் துண்டுகளைக் குமிழாக வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். 8 மில்லிமீற்றரில் தீ மூச்சுமுட்டி முன்வாயால் திரும்புகிறது. 25இல் தீ பக்கத்தால் பாய்ந்து வீணாகிறது. 15இல் நின்றேன். அடி தட்டையான அலுமினியச் சட்டிக்கு இது சரி. உருண்ட அடி மண்சட்டிக்கு நடுப்பாகம் கூட்டுக்குள் இறங்குவதால் இன்னும் ஐந்து மில்லிமீற்றர் தூக்க வேண்டியிருக்கிறது, அதற்குத் தனியாக மூன்று ஓட்டுத் துண்டு பக்கத்தில் கிடக்கிறது.

காற்று என்று சொன்னால் எங்கள் ஊரில் வெளிக்காற்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அடுப்பு வாய் கிழக்கே பார்க்கிறது. வெயில் ஏறியதும் கடற்காற்று கிராதி வழியாக நேரே வந்து சாம்பல் வாயில் அடிக்கும், கதவைப் பாதிக்கு இறக்கினால் போதும். கச்சான் காலத்தில்தான் கஷ்டம். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கேயிருந்து சூடாக அடிக்கிற கச்சான் புகைக்கூட்டின் வாயில் புகுந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும். அடுப்பில் என்ன திருத்தினாலும் அதற்கு மருந்தில்லை. கூரைமேல் ஏறிப் புகைக்கூட்டின் மேற்குப் பக்கத்தில் ஒன்றரை அடித் தகரம் ஒன்றை நிமிர்த்தி ஆணி அடித்தேன். முழுதும் நிற்கவில்லை, ஆனால் சமைக்கலாம்.

விசிறி இப்போது பற்றவைக்கும்போதும், மாரியில் கொள்ளி ஈரமாக இருக்கும்போதும் மட்டும். மற்ற நேரம் கழற்றிச் சுவரில் மாட்டிக் கிடக்கிறது. மாமி ஓட்டுவதே இல்லை. அவ பன்னாடையும் இரண்டு சிரட்டைத் துண்டும் வைத்து, ஊதாங்குழலும் இல்லாமல் பற்றவைத்துவிடுவா. ஆனால் சிரட்டையை ஒரேயடியாக மூன்று நான்கு போட்டால் ஆவி துளைக்காற்று தாங்காத அளவுக்குக் கிளம்பி, பழையபடி கரும்புகை வரும். ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதோடு, வாய் சின்னதானதால் தென்னைமட்டையைப் பிளக்காமல் உள்ளே தள்ள முடியாது. மணிக்கட்டுத் தடிப்புக்கு மேல் எதுவும் போகாது. மாமியின் புகாரில் நியாயமிருக்கிறது. பழைய அடுப்பில் ஒரு முழு மட்டையை வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போகலாம், இதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தள்ள வேண்டும். கொள்ளி பிளக்கிற வேலை என் தலையில் விழுந்தது. புட்டு அவிக்க மட்டும் அவவுக்கு இந்த அடுப்புத்தான் பிடிக்கும். ஆவி ஒரே சீராக வருவதால் நீத்துப்பெட்டியின் நடுவில் மாவு வேகாமல் நிற்பதில்லை.

செலவு: கம்பி 350, கம்பி வெட்டுகிற கட்டிங் டிஸ்க்குக்கு 300, விசிறி 400, மண்கூடு இரண்டு 1,600, செங்கல் 600, பட்டை இரும்பும் தள்ளுக் கதவும் வெல்டிங் கூலியோடு 900. பெற்றோலையும் பாதைக் காசையும் விட்டால் 4,150 ரூபாய். உருகிய விசிறியும் வெடித்த கூடும் இல்லாமல் தொடங்கியிருந்தால் 3,000க்குள் முடிந்திருக்கும். விசிறி இல்லாமலே கட்டலாம் என்பதுதான் இப்போது என் எண்ணம், காசு குறைந்தவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

இன்னொரு தடவை கட்டினால் சாம்பல் வாயைத் தெற்குப் பக்கம் வைப்பேன், கடற்காற்று நேரே அடிக்காது, கதவை ஏற்றி இறக்குகிற வேலையும் மிச்சம். தட்டுக்குக் கீழே இரண்டரை அங்குலம் போதாது, இரண்டு நேரச் சமையலுக்குள் சாம்பல் நிரம்பிக் காற்றை அடைக்கிறது. நாலு அங்குலம் விட்டு, அதற்குள் இழுத்து எடுக்கக்கூடிய தகரத் தட்டம் ஒன்று வைத்தால் எரிந்துகொண்டிருக்கும்போதே சாம்பலை வெளியே எடுக்கலாம். கூட்டையும் ஒரே துண்டாகச் செய்யாமல், துளையுள்ள மேல்வளையத்தைத் தனியாகவும் கீழ்ப்பாகத்தைத் தனியாகவும் வனையச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாய் இருக்கிற கீழ்ப்பாகம்தான் முதலில் வெடிக்கும். மாற்றவேண்டி வந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஐயா, மாரி முடிந்து மண் எடுக்கத் தொடங்கியதும் வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவும் தனக்கு ஒன்று கேட்கிறா. அவவிடம் பெரிய கிடாரம் ஒன்று இருக்கிறது, நெல் அவிக்கிறதுக்கு. அதற்கு ஏழு அங்குலம் பத்தாது, குறைந்தது ஒன்பது வேண்டும். துளையை 24இலிருந்து எத்தனைக்குக் கூட்டுவது என்று முதலில் ஒரு தகரப் பேணியில்தான் பார்க்க வேண்டும்.